பறக்காத விலங்குக்கு இறகு ஒட்டியவள்

என் அக்கா முப்பத்தோரு வருடமாக இறகு பிரிக்கிறாள். இதைச் சொன்னால் சிலர் ஏதோ தியானம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, மாதச் சம்பளத்துக்குச் செய்கிற வேலை. இறகுப்பந்து செய்யும் பட்டறையில் வாத்து இறகுகள் கழுவிக் காயவைத்து மூட்டையாக வரும். அவற்றை மேசைமேல் கொட்டி, இடது இறக்கையிலிருந்து வந்தவை இந்தப் பக்கம், வலது இறக்கையிலிருந்து வந்தவை அந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டும். ஒரு பந்துக்குப் பதினாறு இறகு, பதினாறும் ஒரே பக்கத்து இறகு. ஒன்று மாறினாலும் பந்து குடித்தவன் வீட்டுக்குத் திரும்புகிற மாதிரிதான் போகும்.

இடது வலது பார்த்த பிறகு வளைவு பார்க்க வேண்டும். தண்டு எவ்வளவு வளைந்திருக்கிறதோ அதற்கேற்ற பெட்டியில் இறகைப் போட வேண்டும். அதன் பிறகு நிறம். சுத்த வெள்ளை முதல் தரம், லேசாக மஞ்சள் பாய்ந்திருந்தால் இரண்டாம் தரம். இப்படி ஆறு பெண்கள் பிரித்ததையெல்லாம் ஒருத்தி கடைசியாக ஒருமுறை பார்த்து அனுப்புவாள். பட்டறையில் அந்த வேலைக்குக் 'கடைசிக் கை' என்று பெயர். பதினேழு வருடமாகக் கடைசிக் கை என் அக்காதான். மற்ற ஆறு பேருக்கும் முக்காலி. கடைசிக் கைக்கு ஜன்னலோரத்தில், முதுகு சாய்க்கிற மாதிரி நாற்காலி. பட்டறையிலேயே அப்படிப்பட்டது அது ஒன்றுதான்.

அந்த நாற்காலியைப் பக்கத்து மேசைக்காரி அபகரிக்கப் பார்க்கிறாள் என்பது அக்காவின் உறுதியான கருத்து. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் அரைமணி நேரம் பக்கத்து மேசைக்காரிதான் பேச்சு. மெதுவாகச் செய்கிறாள், கை வளையவில்லை, தன் குவியலை முடிக்கவே நேரம் போதவில்லை, இந்த லட்சணத்தில் என் நாற்காலியை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். என் மனைவி இந்த அரைமணி நேரத்தில் ஒரு கூடை துணியை மடித்து முடித்துவிடுவாள்.

முக்கியமான ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகிற சமயத்தில் என் அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. யாருக்கும் சொல்லாமல் கண்ணாஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், அதன் பிறகு நாற்பது நாள் தூசியில் இருக்கக் கூடாது என்றிருக்கிறார்கள். இறகுப் பட்டறை என்றாலே தூசிதான். நாற்பது நாள் அந்த நாற்காலி காலியாக இருந்தால் எவள் உட்காருவாள் என்பதில் அக்காவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து எங்கோ வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு விரல் இருந்தது. இடது வலதும் வளைவும் விரலுக்கே தெரியும். நிறம் மட்டும் விரலுக்குத் தெரியாது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருடமாக அவள் இந்த ஊரில் பல்புகளெல்லாம் தரம் கெட்டுவிட்டன என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் பல்பு மாற்றிக்கொண்டிருந்தோம்.

நான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் விளக்க அட்டை எழுதுகிறவன். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே அறுபது சொல்லில் ஒரு அட்டை இருக்குமே, நீங்கள் படிக்காமல் நகர்ந்து போவீர்களே, அதை எழுதுவது நான். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். திமிங்கலத்தையும் அறுபது சொல்லில்தான் எழுத வேண்டும், தெள்ளுப்பூச்சியையும் அறுபது சொல்லில்தான் எழுத வேண்டும். தெள்ளுப்பூச்சிக்கு ஐம்பத்தைந்தில் விஷயம் தீர்ந்துவிடும்.

அந்த வருடம் எங்களுக்குப் புதிதாக ஒரு ஆய்வாளர் வந்தார். முப்பது வயதுக்காரி. எல்லோரும் டாக்டரம்மா என்றோம். பழங்கால விலங்குகள் கூடத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே வான்கோழி அளவில் ஒரு டைனோசரை வைக்க வேண்டும் என்றார். உடம்பை ஃபைபரில் அவரே செய்துவிட்டார். இரண்டு கால், நீளக் கழுத்து, குட்டைக் கை, கை நுனியில் நகம். பார்த்த காவலாளி, "கோழி வெந்துடுச்சா?" என்று கேட்டார். அதற்கு இறகு ஒட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. டைனோசருக்கு எதற்கு இறகு என்று இயக்குநர் கேட்டார். இருந்தது, கல்லில் பதிந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. கல்லில் பதிந்திருந்தால் இயக்குநரால் ஒன்றும் செய்ய முடியாது.

சிக்கல் என்னவென்றால், எந்த இறகை வேண்டுமானாலும் ஒட்டிவிட முடியாது. பறக்கிற பறவையின் இறக்கை இறகில் தண்டு நடுவில் இருக்காது. காற்றைக் கிழிக்கிற பக்கம் ஒடுக்கம், பின்பக்கம் அகலம். இந்த விலங்கு பறக்கவில்லை. அதன் கையில் இருந்த இறகிலும் வாலில் இருந்த இறகிலும் தண்டு சரியாக நடுவில் ஓடியது. அந்த மாதிரி இறகு நூற்றுக்கணக்கில் வேண்டும் என்றார். நான் வாயைக் கொடுத்தேன். "எங்க அக்கா வேலை செய்யற பட்டறைல மூட்டை மூட்டையா இருக்கும். அதையெல்லாம் அவங்க குப்பைல போடறாங்க."

உண்மைதான். இறக்கை இறகோடு கலந்து வருகிற வாலின் நடு இறகை இறகுப்பந்துக்குப் பயன்படுத்த முடியாது. பட்டறையில் அதற்கு 'நடு' என்று பெயர். கீழே ஒரு சாக்கு இருக்கும், நடு வந்தால் பார்க்காமலே அதில் போடுவார்கள். பட்டறை முதலாளி மூன்று சாக்கு நடு இறகை இலவசமாகத் தந்தார். பதிலுக்கு விளக்க அட்டையில் பட்டறையின் பெயர் வர வேண்டும் என்றார். மிகச் சிறிய எழுத்தில் என்று இயக்குநர் ஒப்புக்கொண்டார். ஒட்டுகிற வேலைக்கு அக்காவைக் கேட்டோம். பட்டறை மூன்று மணிக்கு விடும், மூன்றரைக்கு வருகிறேன் என்றாள். பெருமையாகத்தான் இருந்தது அவளுக்கு. முகத்தில் காட்டவில்லை. சாக்கைப் பார்த்ததும் காட்டினாள், அது வேறு உணர்ச்சி.

"இதுக்கா என்னை வரச் சொன்ன? இது கழிவுடா."

"இதுதான்கா வேணுமாம்."

"முப்பத்தோரு வருஷமா தூக்கிப் போட்டதை இப்ப ஒட்டணுமா?"

டாக்டரம்மா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அக்கா உட்கார்ந்தாள். ஃபைபர் உடம்பைக் கையால் தடவிப் பார்த்தாள். தலை, கழுத்து, கை, ஒவ்வொரு நகம். நன்றாக ஆராய்கிறாள், தொழில் தெரிந்தவள் என்று டாக்டரம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

"இது பறக்குமா?" என்று கேட்டாள் அக்கா.

"பறக்காதுக்கா. கை ரொம்பக் குட்டை" என்றார் டாக்டரம்மா.

"அப்ப எதுக்கு இறகு?"

"குளிருக்கு."

"குளிருக்குப் பஞ்சு மாதிரி கொஞ்சம் இருந்தா போதாதா? எதுக்கு இவ்ளோ நீளம்?"

டாக்டரம்மா தன் முக்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்பது அக்காவுக்குப் பிறவி வரம். அதை வரம் என்று எடுத்துக்கொண்ட முதல் ஆள் டாக்டரம்மாதான்.

"முதல்ல பஞ்சு மாதிரிதான் இருந்துச்சு. அதுக்கும் முன்னாடி, தோல்லேர்ந்து முடி மாதிரி ஒண்ணு முளைச்சுது. உள்ள ஓட்டை, குழல் மாதிரி. அப்புறம் அது பிரிஞ்சு குஞ்சம் ஆச்சு. குஞ்சம் உடம்புச் சூட்டைப் பிடிச்சு வைக்கும். அதுக்கப்புறம்தான் நடுவுல தண்டு, ரெண்டு பக்கமும் கிளை. அந்தக் கிளையில கண்ணுக்குத் தெரியாத கொக்கி, ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும்."

"கொக்கி தெரியும்." அக்கா ஒரு இறகை எடுத்து எதிர்ப்பக்கமாக இழுத்தாள். அது கிழிந்த மாதிரி பிளந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு நீவு நீவினாள். மூடிக்கொண்டது. "இதைத்தானே சொல்றீங்க?"

"இதையேதான்."

"யாரு யோசிச்சுப் பண்ணது?"

"யாரும் யோசிக்கலக்கா. கொஞ்சம் நல்லா இருந்தது கொஞ்சம் அதிகமாப் பிழைச்சுது, அது கொஞ்சம் அதிகமா முட்டை போட்டுச்சு. அப்படியே கோடிக்கணக்கான வருஷம் போச்சு."

"எங்க பட்டறையும் அப்படித்தான் நடக்குது" என்றாள் அக்கா. "யாரும் யோசிக்கறதில்ல."

இப்படியே பத்துப் பன்னிரண்டு நாள் போயிற்று. விலங்கின் கையில் இறகை ஒட்டிக்கொண்டே இருவரும் பேசுவார்கள். நான் ஒரு மேசையில் உட்கார்ந்து விளக்க அட்டையை எழுதிக்கொண்டிருப்பேன், அதாவது அடித்துக்கொண்டிருப்பேன். கைக்கு நீள இறகு எதற்கு என்ற கேள்வியை அக்கா விடவில்லை. மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஆண் பெண்ணுக்குக் காட்டுவது, எதிரிக்குப் பெரிய உடம்பு மாதிரி விரித்துக் காட்டுவது. இல்லையென்றால் முட்டையை மூடுவதற்கு. இதேபோல ஒரு விலங்கின் எலும்புக்கூடு முட்டைக் குவியலுக்கு மேலே கிடைத்ததாம். யாருடைய முட்டையையோ திருடித் தின்ன வந்து அங்கேயே செத்தது என்று முடிவுகட்டி, முட்டைத்திருடன் என்று பொருள்படும்படி லத்தீனில் பெயர் வைத்துவிட்டார்கள். பல வருடம் கழித்துத்தான் அது அதன் சொந்த முட்டை என்று தெரிந்தது. கை இரண்டையும் விரித்து முட்டைமேல் உட்கார்ந்தபடியே மண்ணில் புதைந்துபோன உறவுக்கார விலங்குகளும் அகப்பட்டன.

"அப்ப பேரை மாத்திட்டாங்களா?"

"மாத்த முடியாதுக்கா. ஒரு தடவை வச்ச பேரு வச்சதுதான். விதி."

எந்த அலுவலகத்திலாவது வேலை பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை. அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்த விலங்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். வந்த பஸ்ஸின் எண்ணை என்னைக் கேட்டாள். எண் எழுதுகிறவனுக்கு எழுதத் தெரியவில்லை என்று திட்டினாள். எண் ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருந்தது. நான் எண்ணைச் சொல்லி அவளை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பறத்தல் எப்படி வந்தது என்று அக்கா கேட்டதற்கு, இதில் இரண்டு கட்சி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. மரத்திலிருந்து குதித்துக் குதித்து மிதக்கப் பழகியது என்று ஒரு கட்சி. தரையில் ஓடி ஓடி எழும்பியது என்று இன்னொரு கட்சி.

"நீங்க எந்தக் கட்சி?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஆனா ஒண்ணு சொல்றேன். பறக்கத் தெரியாத குஞ்சு இருக்கில்ல, அது செங்குத்தான சரிவுல ஏறும்போது அந்தக் குட்டி இறக்கையை அடிச்சுக்கும். அப்ப கால் வழுக்காது. அரைகுறை இறக்கைக்கும் அவ்ளோ உபயோகம் இருக்கு. பறக்கறதுக்காக இறகு வரலக்கா. இறகு ஏற்கெனவே இருந்துச்சு. இருந்ததை வச்சுப் பறந்துச்சு."

அக்கா கையிலிருந்த நடு இறகின் தண்டை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இடது வலதே பறக்க ஆரம்பிச்சப்பதான் வந்துச்சு" என்றாள். "நடுவுல தண்டு ஓடினா ரெண்டு பக்கமும் சமம். இது எந்தக் கைன்னு கேட்டா நானே சொல்ல முடியாது. ஒரு ஓரம் ஒடுங்கினப்புறம்தான் இது இடது, இது வலது."

டாக்டரம்மா பசைக் குப்பியைக் கீழே வைத்தார். "இதை நான் வகுப்புல ஒரு மணி நேரம் சொல்லியிருக்கேன். இவ்ளோ தெளிவாச் சொன்னதில்ல" என்றார். நான் அதை அட்டையில் எழுதினேன். இயக்குநர் அடித்துவிட்டு, 'தற்போதைய அறிவின்படி' என்று சேர்த்தார். எல்லோருக்கும் புரிய வேண்டும், ஆனால் சுலபமாக இருக்கிற மாதிரி தெரியக் கூடாது என்பது அவர் கொள்கை.

இனி வால். அந்த விலங்கின் தோற்றத்தில் நிறத்தைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். வால் இறகில் குறுக்கே பட்டை பட்டையாக, அடர்த்தியும் வெளிறலும் மாறி மாறி இருந்தது. கல்லில் அப்படியே தெரிகிறது. என்ன நிறம் என்று கல் சொல்லவில்லை. அதனால் கறுப்பு வேண்டாம், கறுப்பு என்று நாம் எப்படிச் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. அறிவியல் அடக்கத்தின் காரணமாக டீத்தூள் வாங்கினோம். பாதி இறகைக் கொதிக்கிற டீத்தண்ணீரில் முக்கி எடுத்ததில் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு வந்தது. ஒரு பையில் வெள்ளை, ஒரு பையில் டீ. நீள இறகில் ஒரு அடுக்கு வெள்ளை, அதன்மேல் சற்றுக் குட்டை இறகில் ஒரு அடுக்கு டீ, அதன்மேல் மறுபடி வெள்ளை. இப்படி ஐந்து அடுக்கு ஒட்டினால் பட்டை விழுந்துவிடும். பைகளின்மேல் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தேன். அட்டை எழுதுகிறவன் இல்லையா.

ஆனால் என் அக்கா இறகு பிரிக்கிறவள். இறகு பிரிக்கிற யாரும் இன்னொருவர் பிரித்துக் கட்டிய பையை நம்ப மாட்டார்கள். மூட்டை எங்கிருந்து வந்தாலும், மேலே என்ன எழுதியிருந்தாலும், முதல் வேலை அவிழ்த்து மேசையில் கொட்டுவதுதான். அன்று டாக்டரம்மாவும் நானும் இயக்குநர் கூப்பிட்ட கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா இரண்டு பையையும் ஒரே மேசையில் கொட்டி, நன்றாகக் கலந்து, நீளம் வாரியாக, வளைவு வாரியாக முதலிலிருந்து பிரித்தாள். நாங்கள் கூட்டம் முடிந்து வரும்போது வால் முடிந்திருந்தது.

நீளத்தில் ஒரு இறகு ஏறவில்லை, இறங்கவில்லை. விசிறி மாதிரி அழகாக விரிந்து நின்றது. நிறம் மட்டும் காரை பெயர்ந்த சுவர் மாதிரி இருந்தது. அங்கங்கே வெள்ளை, அங்கங்கே டீ.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் வாலைப் பார்த்தேன்.

"என்ன, ரெண்டு பேரும் பேச்சைக் காணோம்?" என்றாள் அக்கா.

"அக்கா, பட்டை வரலியே."

"வரலியா? கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் பாரு. வெள்ளையெல்லாம் வெள்ளையோட, மத்தது மத்ததோட. பிரிச்சுத்தான் ஒட்டினேன்."

மேசையில் மிச்சம் கிடந்ததில் இரண்டு இறகை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். ஒன்று டீ, ஒன்று வெள்ளை. "இதுல எது வெள்ளை?"

"ரெண்டும் வெள்ளைதான்" என்றாள். "என்ன பெரிய கேள்வி இது."

யாரும் ஒன்றும் சொல்லாததில்தான் அவளுக்குப் புரிந்தது. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். என் அக்கா பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ் எண், பல்பு, தெருவில் எதிரே வந்த என் மனைவியை யாரோ என்று தாண்டிப் போனது, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஊர் விலங்குக்கெல்லாம் அட்டை எழுதுகிறேன். கூடப் பிறந்தவளுக்குக் கண் தெரியவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். அப்போதுதான் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி, சீட்டு, நாற்பது நாள்.

"மாமாவுக்குத் தெரியுமா?" அக்காவின் கணவரைக் கேட்டேன். அவர் ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறார்.

"நான் சொல்லல."

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டா சரியாப் போயிடும்கா. எல்லாரும் பண்ணிக்கிறாங்க."

"கண்ணு சரியாப் போயிடும். நாற்காலி? பதினேழு வருஷம்டா. முதலாளிக்குத் தெரிஞ்சா, கண்ணு தெரியாதவளைக் கடைசில உக்கார வச்சு மூணு வருஷம் சரக்கு அனுப்பியிருக்கேன்னு அன்னைக்கே அனுப்பிடுவான். வீட்ல உக்காந்து நான் என்ன பண்ணுவேன்? உங்க மாமா எந்த மாடில யாரு இறங்கினான்னு கதை சொல்லுவாரு, அதைக் கேட்டுக்கிட்டு இருக்கவா? யார்கிட்டயும் சொல்லாத. முதல்ல இதைப் பிடுங்கு. மறுபடி ஒட்டணும்."

திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருந்தது. ஒட்டிய இறகை எல்லாம் வெந்நீர்த் துணி வைத்து இளக்கிப் பிடுங்கினோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளையை ஒரு தட்டிலும் டீயை ஒரு தட்டிலும் பிரித்துக் கொடுத்தேன். அவள் விரலால் வளைவு பார்த்து ஒட்டினாள். இறகை மடக்கிப் பிடிக்கிறேன், நுனியைத் தொடுகிறேன், மூச்சு விடுகிறேன் என்று என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் தட்டை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனபோது மாமாவிடம் மட்டும் கண்ணைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்டேன். தெரியும் என்றார். ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா கத்துவா" என்றார். அவர் பயம் அவருக்கு.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை மத்தியானம். நாற்பது பேர் வந்தார்கள். பட்டறை முதலாளி தன் ஆட்களையும் வேனில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இயக்குநர் நீளமாகப் பேசினார். இறகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கட்டடத்தின் கூரையைப் பற்றித்தான். பிறகு துணியை விலக்கினார். வால் பட்டை நேராக, சுத்தமாக இருந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை கோழி என்றது. டாக்டரம்மா அதன் அருகே குனிந்து, கிட்டத்தட்டச் சரி என்றார். முதலாளி நேராக விளக்க அட்டைக்குப் போய், கண்ணாடியைக் கழற்றி மாட்டி, தன் பட்டறையின் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

பக்கத்து மேசைக்காரியை அன்றுதான் நேரில் பார்த்தேன். சிறிய உருவம், நாற்பத்தைந்து வயதிருக்கும். அக்கா சொன்னதை வைத்து நான் பெரிதாக எதிர்பார்த்திருந்தேன். அவள் மற்றவர்கள் மாதிரி விலங்கின் பல்லைப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய் வாலைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க அக்காவோட தம்பிதானே? நிறம் நீங்க பிரிச்சுக் குடுத்தீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். பட்டை நேரா விழுந்திருக்கு."

"நேரா விழக் கூடாதா?" என்று என் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அக்கா. கண் போனதை ஈடுகட்டக் காது கூர்மையாகியிருந்தது என்று சொல்லலாம், ஆனால் அது எப்போதுமே கூர்மைதான்.

பக்கத்து மேசைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். மற்ற ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் வந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்கு முகம் தெரியவில்லை, அவள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"உனக்கு எவ்ளோ நாளாத் தெரியும்?"

"மூணு வருஷமாக்கா. முதல் தரப் பெட்டில மஞ்சள் வர ஆரம்பிச்சதிலேர்ந்து."

"அப்ப திரும்பி வந்திருக்கணுமே. ஒரு பெட்டிகூடத் திரும்பி வரலியே."

"நீங்க ரெண்டே முக்காலுக்குக் கை கழுவப் போவீங்கல்ல. சோப்புப் போட்டு, தேய்ச்சு, பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நாங்க மஞ்சளை எடுத்துட்டு வெள்ளையை வச்சிடுவோம். ஒரு பெட்டிக்கு ரெண்டு பேரு."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"முதலாளிக்கு?"

அவள் விளக்க அட்டைப் பக்கம் பார்த்தாள். முதலாளி இன்னும் பட்டறையின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். "அவருக்கு என்னைக்கு என்ன தெரிஞ்சிருக்கு" என்றாள்.

அக்காவின் முகம் சிவந்தது. எள்ளும் கொள்ளும் வெடிக்கப்போகிறது என்று நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"மூணு வருஷமா எல்லாரும் சேர்ந்து என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கீங்க."

"சிரிக்க எங்கக்கா நேரம்? பத்து நிமிஷத்துல எட்டுப் பெட்டி."

"சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா நீங்க அன்னைக்கே வேலையை விட்டுட்டுப் போயிருப்பீங்க. ரோஷக்காரி நீங்க. மஞ்சள் எது வெள்ளை எதுன்னு யார் வேணாலும் பாக்கலாம்கா. வளைவு பாக்க எங்க ஆறு பேருக்கும் தெரியாது. நீங்க போயிட்டா ஒரு பெட்டிகூட உருப்படியாப் போகாது."

அக்கா விலங்கின் மேடையைப் பிடித்துக்கொண்டாள். மேடையைத் தொடாதீர்கள் என்று நான் எழுதிய பலகை பக்கத்திலேயே இருந்தது. காவலாளி பார்த்தார், பிறகு கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"குவியலை முடிக்க நேரம் பத்தலன்னு உன்னை எவ்ளோ திட்டியிருக்கேன்" என்றாள் அக்கா. "இதுக்குத்தான் நேரம் பத்தலியா?"

"ஆமாக்கா. நல்லாத் திட்டினீங்க."

அக்கா அழுதாள். சத்தமில்லாமல், முகத்தை மூடிக்கொள்ளாமல், நின்றபடியே அழுதாள். ஆறு பெண்களும் சும்மா நின்றார்கள். யாரும் தேற்றவில்லை. தேற்றினால் கடிப்பாள் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன். முதலாளிகிட்ட இப்பவே நானே சொல்லிடறேன். நாப்பது நாள் தூசி ஆகாதாம். அந்த நாற்காலில நீ உக்காரு."

"எனக்கு வேண்டாம்கா. காலியாவே கெடக்கட்டும்."

"உக்காருன்னா உக்காரு. முதுகுப் பக்கம் ஒரு ஆணி நீட்டிக்கிட்டு இருக்கும். சாயாம உக்காரு."